என்னை ஏலம் விட்ட ஞாயிற்றுக்கிழமை

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் உங்களை எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள்? பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன், சாக்குப் பைக்காரன் என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. எனக்கு எட்டு வயதானபோது நேராகக் கொண்டுபோய் ஏலத்தில் விட்டுவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். என் மகளும் இப்படித்தான் சிரிப்பாள். மேட்டுப்பாளையம் மண்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது உருளைக்கிழங்கு ஏலத்தில் யாராவது "ரெண்டு தரம்" என்று கூவினால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்த்துவிடும். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன்னை யாரும் கேக்கலை, சும்மா உக்காரு" என்பாள். அவளுக்கென்ன, மூட்டையோடு மூட்டையாக நின்றவள் நான்.

நாங்கள் இருந்தது குன்னூருக்குக் கீழே, பஸ் ரோட்டிலிருந்து சரிவில் இறங்கிப் போகிற ஒரு தேயிலை எஸ்டேட். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை இங்கத்துக்காரர்கள் லைன் வீடு என்பார்கள், நாங்கள் லயம் என்போம், லயத்தின் அறையைக் காம்பிரா என்போம். எங்கள் காம்பிராவில் அங்கிருந்து வந்த பொருள் இரண்டே இரண்டு. ஒன்று அப்பாவின் கைக்கடிகாரம். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று பக்கத்துக் காம்பிராக்காரர்கள் அப்பாவிடம்தான் வந்து கேட்பார்கள். அவர் கம்பளியை விலக்கி, மணிக்கட்டைத் திருப்பி, கொஞ்சம் காக்க வைத்துத்தான் நேரத்தைச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை. இன்னொன்று என் அக்காவின் புகைப்படம்.

அக்காவை நான் பார்த்ததில்லை. நான் பிறந்தது இங்கே, அவள் நின்றுவிட்டது அங்கே. தலைமன்னாரில் கப்பலேறுகிற நாளில் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, பிள்ளையில்லாதவள், அக்காவைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நாங்களும் அடுத்த கப்பலில் வந்துவிடுவோம், அதுவரை பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்றிருக்கிறாள். பெரியவர்கள் கூடிப் பேசி, சரி என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கப்பலில் சின்னம்மா வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை. அந்த நாட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று அவர்களுக்கு உத்தரவாகிவிட்டது. வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால் அம்மா ஒரே வார்த்தைதான் சொல்வாள். "கூட்டிக்குவோம்."

இதை முதலில் சொல்லிவிட்டேன். ஏனென்றால் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு, தங்களை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பது வேடிக்கைப் பேச்சு. எங்கள் வீட்டில் அது நடந்தே இருந்தது.

ஏலத்துக்கு முந்தின பனிக்காலத்தில் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அம்மா என்னைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு மேட்டில் இருந்த மாதா கோயிலுக்கு ஏறினாள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் எங்கள் லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் மாதாதான். பிள்ளை பிழைத்தால் திருவிழாவில் உனக்கே கொடுத்து ஏலத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள்.

அந்தக் கோயிலில் அது பழைய வழக்கம். பிழைத்த பிள்ளைக்கு மாலை போட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள். தாய்மாமன் ஒரு தொகை கேட்பார், அப்பன் அதற்கு மேலே கொஞ்சம் கேட்பான், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் மூன்று தரம் கூவிப் பிள்ளையைப் பெற்றவர் கையில் கொடுத்துவிடுவார். வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் காசு தர்ம காரியத்துக்குப் போகும். ஊரே அறிந்த இந்த விஷயத்தை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு, அல்லது குழந்தைக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒரு நினைப்பு. இரண்டும் பெரியவர்களுக்கு வசதியான நினைப்புகள்.

அந்த வருஷ ஐப்பசியில் மழை பிடித்தது. விறகு பற்றவில்லை, கம்பளி காயவில்லை, சுவரில் கை வைத்தால் கையோடு சுண்ணாம்பு வந்தது. ஒரு காலை, பெரியவர்கள் பெரட்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரத்தில் மேல் லயம் சரிந்துவிட்டது. பெரிய சத்தமொன்றும் எனக்குக் கேட்கவில்லை. கோழிகள் ஒன்றாகக் கத்தின, பிறகு ஈர மண் வாசனை பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், அதில் தலைகீழாக ஒரு அரிசிக் குண்டானும்தான் இருந்தன. உயிர்ச்சேதம் ஆடுகளோடு போயிற்று. சரிந்த காம்பிராக்களில் என் தோழியுடையதும் ஒன்று.

அதற்குப் பிறகு எங்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார்கள். அப்பா அதில் களிமண்ணை அப்பி வைத்துவிட்டுத் தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பார். களிமண் வெடித்திருக்கிறதா என்று அவர் குனிந்து பார்க்கிற நேரம் முழுவதும் நான் மூச்சை விட மாட்டேன்.

வீடிழந்தவர்கள் கோயிலுக்குச் சொந்தமான பள்ளி ஹாலில் படுத்துக்கொண்டார்கள். சரிந்த லயத்தைத் திரும்பக் கட்ட முடியாது, ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எஸ்டேட்டில் வீடு போனால் வேலையும் போன கணக்குதான். மாதா கோயில் சாமியார் புதிதாக வந்தவர், ஒல்லியானவர், குளிரில் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். அவர் ஞாயிறு பூசையில் சொன்னார். இந்த வருஷம் தேர் வேண்டாம், பேண்டு வேண்டாம். திருவிழாவில் சேர்வது முழுவதும் ஹாலில் இருக்கிறவர்களுக்கு. கோயில் நிலத்தில் அவர்களுக்குத் தகரக் கூரை போட்ட வீடு, வேலைக்காகப் பேச ஒரு வக்கீல்.

பிறகு பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் எடுத்து வைத்தார்கள். நாங்கள் பிள்ளைகள் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக அதை வாங்கப் போனோம். கீழ் ஹட்டிக் கிராமத்துப் படகர்கள் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் மூட்டையாக இறக்கினார்கள். வெலிங்டன் பட்டாளத்தில் வேலை பார்க்கிறவர்கள் பழைய ராணுவக் கம்பளிகளைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கம்பளிகளின் பூச்சி உருண்டை வாசனை ஹால் முழுக்க நின்றது. எனக்கு அந்த நாட்களில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. டின்னைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடப்பவள் நான்தான்.

ஹாலில்தான் தோழி சொன்னாள்.

"ஏய், ஒன்னயத்தான் ஏலம் விடப் போறாங்களாம். எங்கம்மா சொல்லிச்சு."

"போடி, சேவலத்தான் ஏலம் விடுவாங்க."

"ஒன்னயும்தான். யாரு கூடக் கேக்குறாங்களோ அவங்க கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

போன வருஷம் ஏலம் போன சேவலை நான் கடைசியாகப் பார்த்தது கோயிலுக்குப் பின்னால், வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். காலையில் ஏலம், மத்தியானம் குழம்பு. நான் டின்னை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். "அம்மா, என்னைய ஏலம் விடப் போறீங்களா?" என்றேன். ஊதுகுழலைக்கூட வாயிலிருந்து முழுசாக எடுக்காமல் அம்மா சொன்னாள்.

"மாதாவுக்குக் கொடுத்துட்டு வாங்கிக்குவோம்டி."

வாங்கிக்குவோம். கூட்டிக்குவோம். சுவரில் அக்கா ரிப்பன் கட்டி நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் விரும்பாத பிள்ளையாக ஆகிவிட்டால் கேட்க ஆளிருக்காது என்று ஒரு யோசனை வந்தது. சீக்குக் கோழியை யாரும் எடுக்க மாட்டார்கள் அல்லவா? அதனால் இருமத் தொடங்கினேன். ஆள் வந்தால் இருமல், ஆள் போனால் நிறுத்தம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமப் பழகினேன், நன்றாகவே வந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. மழையில் வேலை நாள் குறைந்து கையில் காசில்லை, நேர்த்திக்கடனை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் இருமலைக் கேட்டதும் அம்மா ஆடிப்போனாள்.

"கேக்குதுல்ல? போன வருஷம் இப்பிடித்தான் தொடங்கிச்சு. மாதா கேக்குறா. இந்தத் திருவிழாவுலயே கொடுத்திரணும், சொல்லிப்புட்டேன்."

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, கொடுத்துருவோம்" என்றார். கம்பளிக்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்கப்புறம் இருமவும் பயம், இருமாமல் இருக்கவும் பயம்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடந்தது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் மாதா சுரூபத்தை மேசையில் வைத்தார்கள். ஹாலில் இருந்த குடும்பங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். யாருக்காக இந்த ஏலம் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்பது சாமியாரின் ஏற்பாடு. அவர்கள் பாவம், தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் அம்மா மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தே இருந்தாள். மேல் லயத்தில் வாய் நீளம் என்று பெயரெடுத்தவள் அவள்.

எதிர்ப்பக்கத்து நாற்காலிகளில் சாமியார் அழைத்த விருந்தாளிகள். நடுவில் வெலிங்டனிலிருந்து வந்திருந்த ஒரு அதிகாரியின் மனைவி, கம்பளிக் கோட்டும் கையுறையுமாக. நல்ல மனசுக்காரி, கம்பளிகளைச் சேர்த்து அனுப்பியதே அவள்தான். தமிழ் மட்டும் அரைகுறை.

உபதேசியார் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஏலம் விடுவதில் அவருக்கு இணை கிடையாது. "ஏனுங்க, இந்தப் பூசணிக்கா மூஞ்சியப் பாருங்க, இத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகாமப் போனா ராத்திரி தூக்கம் வருமுங்களா?" என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. முட்டைக்கோஸ் போயிற்று, கேக் போயிற்று, பூசணிக்காய் போயிற்று. எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாக வைக்க, பூசணிக்காய் இன்னொரு தடவையும் போயிற்று. சேவல் போயிற்று. கால் கட்டிய சேவலை என் பக்கமாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு எனக்கு மாலை போட்டார்கள். கனகாம்பரமும் சாமந்தியும், பனியில் நனைந்து கழுத்தில் ஐஸாகப் பட்டன. ஒரு கையில் எரிகிற மெழுகுவர்த்தி. இன்னொரு கையை அப்பா பிடித்திருந்தார். உபதேசியார் குரலை மாற்றிக்கொண்டார்.

"மாதா கொடுத்த புள்ளைங்க. யாருங்க கேக்கறீங்க?"

மாமா கேட்டார். அப்பா அதற்கு மேலே கேட்டார். உபதேசியார் கையைத் தூக்கினார். அந்த நேரத்தில் நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கையுறை போட்ட கை மேலே இருந்தது. அப்பா சொன்னதைப் போல இரட்டிப்பாக அந்த அதிகாரியின் மனைவி சொல்லியிருந்தாள்.

இப்போது எனக்குத் தெரியும். வீடிழந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றைப் படிக்க வைக்கத்தான் ஆள் கேட்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அன்பான சிரிப்பு அது. சேவலை எடுத்தவரும் சேவலைப் பார்த்து அப்படித்தான் சிரித்தார்.

அப்பா இன்னொரு தொகை சொன்னார். அவள் உற்சாகமாக இன்னும் ஏற்றினாள். உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தார். அவருக்கு வந்த சங்கடம் எனக்கு இன்று புரிகிறது. கூடக் கேட்கிற கையை இறக்கச் சொன்னால் அந்த ஏழைகளின் கூரையைத்தானே குறைக்கிறோம் என்று நினைத்திருப்பார். புரிந்தாலும் கோபம் போகவில்லை. ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கும்போது வாயைத் திறக்காத சாமியார்மேல் எனக்கு இந்த வயதிலும் கோபம் உண்டு.

அப்பா இன்னும் ஒரு தடவை ஏற்றினார். அது மாமாவின் மடியில் இருந்ததையும் சேர்த்து. அவள் அதற்கும் மேலே போனாள்.

அப்போது அப்பா என் கையை விட்டார்.

அந்த இடத்தை எப்படிச் சொல்வேன்? அப்பாவின் கை விட்ட இடத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை. அக்காவையும் இப்படித்தான் விட்டிருப்பார்கள் என்று மட்டும் தெரிந்தது. மெழுகு உருகி விரலில் விழுந்துகொண்டே இருந்தது.

அவர் கையை விட்டது கடிகாரத்தைக் கழற்ற. வார் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது, பல்லால் கடித்துக் கழற்றினார். அதை மேசையில் வைத்து, "இதையும் சேத்துக்கங்க உபதேசியாரே" என்றார். அதை நான் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் கையுறை மேலேயே இருந்தது. அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும்.

"ஏலத்துல பொருளச் சேக்க முடியாதுங்களே" என்றார் உபதேசியார். "அந்த அம்மா கேட்டது... ஒரு தரம்." யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல் நின்றார். யாரும் சொல்லவில்லை. "ரெண்டு தரம்."

"நிறுத்துங்க உபதேசியாரே!"

முன்வரிசையில் தோழியின் அம்மா எழுந்திருந்தாள்.

"இந்த ஏலம் யாருக்குங்க? எங்களுக்குத்தானே? எங்களுக்கு அந்தக் காசு வேணாம்."

"அம்மிணி, மாதா முன்னால ரெண்டு தரம் கூவியாச்சுங்க..."

"மாதாவும் புள்ள பெத்தவதான். புள்ளைய வித்து வாங்கின தகரத்துக்குக் கீழ நாங்க எப்பிடிங்க படுக்கிறது? மழை பேஞ்சா எங்களுக்குத் தூக்கம் வருமா?"

ஹாலில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். அதுவரை தலை குனிந்திருந்தவர்கள். தோழியின் அம்மா முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள். மழையிலும் மண்ணிலும் வெடித்துப்போன கை, சொரசொரவென்று இருந்தது. "மூணாவது தரத்த நான் கூவுறேன்" என்றாள். "அப்பன் கேட்ட வெலைக்கு, மூணு தரம்!"

என்னை இழுத்துக்கொண்டுபோய் அம்மாவின் மேல் தள்ளினாள். மாலை நசுங்கியது. உபதேசியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே ஆகட்டுமுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் சாமியாருக்கு வாய் வந்தது, ஆமென் என்றார்.

யாரோ போய் அந்த அதிகாரியின் மனைவிக்கு விஷயத்தை விளக்கினார்கள். கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். என்னிடம் வந்தாள், நான் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டேன். பாவம், அப்புறம் ஆடு, கேக், முட்டைக்கோஸ் என்று எது வந்தாலும் அவளே எடுத்தாள். எடுத்த பூசணிக்காயைத் திரும்ப வைத்து, அதையே மறுபடி எடுத்தாள். தகரமும் வந்தது, வீடுகளும் எழும்பின. வக்கீல் வழக்கை வருஷக்கணக்கில் இழுத்தார், ஆனாலும் ஆட்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தோழி அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். கூரை மட்டும் இப்போது கான்கிரீட்.

கடிகாரத்தை அப்பா திரும்ப எடுக்கவில்லை. "மாதா முன்னால வச்சாச்சு" என்றார். அதையும் ஏலத்தில் விட்டார்கள். யாரோ வெளியூர்க்காரர் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் லயத்தில் ஆட்கள் பழக்கத்தில் வந்து நேரம் கேட்பார்கள். அப்பா கம்பளியை விலக்கிவிட்டு, வெளுத்த மணிக்கட்டைப் பார்ப்பார்.

இப்போது அக்கா போனில் வீடியோவில் வருகிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு. அவளிடம் இதுவரை நான் சொல்லாத ஒன்று உண்டு. ஏலம் முடிந்து இறங்கி வரும்போது அம்மா சொன்னது.

அப்பாவும் மாமாவும் முன்னால் போய்விட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அம்மாவும் நானும். அம்மா என் கையை அழுத்திப் பிடித்திருந்ததில் வளையல் பதிந்து வலித்தது. நான் சொல்லவில்லை, சொன்னால் விட்டுவிடுவாளோ என்று பயம். பாதி வழியில் அம்மா நின்றாள். என்னைப் பார்க்காமல், கீழே மூடிக் கிடந்த மூடுபனியைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்குத் தலைமன்னார்ல இப்பிடி ஒருத்தி எந்திரிச்சுச் சத்தம் போட்டிருந்தா, ஒங்கக்காவையும் கூட்டிக்கிட்டு வந்திருப்போம்."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"நானாவது போட்டிருக்கணும்."

லயம் வந்தது. கதவுப் பூட்டை ஒற்றைக் கையாலேயே திறந்தாள்.